கொம்பியூட்டர் சேரின் மூட்டை



நீளமான பதிவு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் இல்லாதவர்கள் இரவுக்கு வைத்து வாசியுங்கள். வீட்டு அலுமாரியில் பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் மட்டும் தயவு செய்து இப்போதே வாசியுங்கள்.

போன தவணை ஒரு திங்கட்கிழமை, இடைவேளை நேரம். ஒரு தாய் கணினி அறைக் கதவில் வந்து நின்றார். மகன் எங்கள் பாடசாலையில் ஓ.எல் வரை படித்தவர். பதினாலு வருசமாக ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலை. இப்போது நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். படிப்பை விட்ட காலத்தில் அதை எடுத்து வைக்கவில்லை. யார்தான் எடுத்து வைத்தோம்?

"ஒபிசில அந்த வருசத்து இடாப்பு இல்லயாம் டீச்சர். உங்களுக்கிட்ட கொம்பியூட்டர்ல இரிக்கும் எண்டு ஆரோ சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

அந்த இடாப்பு ஏன் இல்லை என்பது நம் ஊரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாடசாலைக்குப் போய்ப் பார்த்தபோது அலுவலக அலுமாரி நின்ற இடத்தில் ஒரு தோணி கிடந்தது. சேர்விடாப்புகளில் கிடைத்தவற்றை மைதானத்தில் வெயிலில் காயப் போட்டார்கள். தாள் காய்ந்தது. மை எப்போதோ போய்விட்டிருந்தது.

நான் அப்போது பத்தாம் ஆண்டு. எங்களுக்குக் கணினி படிப்பித்தவரை ஊரே 'கொம்பியூட்டர் சேர்' என்றுதான் கூப்பிடும். பெயரை இங்கே போடவில்லை, அவருக்கு அது பிடிக்காது. அவர்தான் அடுத்த வருசம் முழுக்க ஏ.எல் பொடியன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக, முகாம் முகாமாகப் போய், எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எந்த ஆண்டில் விலகியது என்று கேட்டுக் கேட்டு இடாப்பை மறுபடி தட்டெழுதினார். அச்சடித்துக் கட்டிய புத்தகம் ஒன்று அலுவலகத்தில் இருந்தது. நான் ஆசிரியராகத் திரும்பி வந்தபோது அதன் மட்டை மட்டும்தான் மிச்சம், உள்ளே கறையான்.

சேர் மௌத்தாகி நாலு வருசம். ஓய்வு பெறும் முன் கணினி அறையின் பழைய சேர்வரைக் கழித்தபோது அதில் இருந்ததையெல்லாம் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்ததாக ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன்.

ராத்தா டிஸ்க்கை அவருடைய துவாயில் சுற்றி வைத்திருந்தார். ஒரு கதையும் சொன்னார். இரண்டு வருசத்துக்கு முன் மருமகன் அதை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார், படங்கள் இருந்தால் எடுக்கலாம் என்று. பூட்டியதும் 'போமட் பண்ணவா' என்று திரையில் கேள்வி வந்திருக்கிறது. கடைப் பொடியன் பண்ணுவோம், பிறகு மீட்டெடுக்கலாம் என்றிருக்கிறான்.

"நான் வேணாம் எண்டு வாங்கிட்டு வந்துட்டன். விளங்காத பட்டன அமத்தாதீங்க எண்டு அவர் எந்த நாளும் சொல்லுவாரு."

அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு 'வேணாம்' இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை. டிஸ்க்கில் ஒரு பழுதும் கிடையாது. சேர் பாவித்தது லினக்ஸ். லினக்ஸ் ஒழுங்குபடுத்திய டிஸ்க்கை விண்டோஸ் சாதாரணமாக வாசிக்காது. வாசிக்கத் தெரியாது என்று சொல்லாமல் போமட் பண்ணவா என்று கேட்கும். தமிழ் தெரியாத ஒருவனிடம் தமிழ்க் கொப்பியைக் கொடுத்தால், 'ஏதோ கிறுக்கியிருக்கிறது, அழித்துத் தரவா' என்று கேட்பது மாதிரி.

பென்ட்ரைவிலிருந்தே ஓடக்கூடிய உபுண்டு ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். லெப்டொப்பை அதில் எழுப்பி, டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று சொல்லி இணைத்தேன். உள்ளே ஒரேயொரு கோப்பு. 'பேக்கப்' புள்ளி 'டார்' புள்ளி 'ஜீஸெட்'. அதை லெப்டொப்புக்குக் கொப்பி பண்ணிவிட்டு டிஸ்க்கைக் கழற்றித் துவாயிலேயே திரும்பச் சுற்றினேன். இனி என்ன பிழை விட்டாலும் கொப்பியில்தான்.

அந்தப் பெயரின் கடைசி இரண்டு சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டார் என்றால் நாடாவில் பத்திரப்படுத்துவது. 1979இல் பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. அந்தக் காலத்தில் கோப்புகளை ஒலிநாடா மாதிரிப் பெரிய காந்த நாடாவில்தான் எழுதி வைப்பார்கள். நாடாவில் முன்னும் பின்னும் தாவ முடியாது, ஓடுகிற வரிசையில் ஓடும். அதனால் டார் செய்வது மிக எளிமையான வேலை. ஒரு கோப்பின் பெயர், அளவு, திகதி எல்லாவற்றையும் 512 பைட்டு கொண்ட ஒரு தலைச்சீட்டில் எழுதும். அதன் பின்னால் கோப்பை வைக்கும். பிறகு அடுத்த சீட்டு, அடுத்த கோப்பு. எல்லாவற்றுக்கும் பொதுவான பொருளடக்கம் என்று ஒன்று கிடையாது. டார் கட்டும், அமுக்காது. அமுக்குவது ஜீஸிப். 1992இல் ஜான்லூ கையி, மார்க் அட்லர் என்ற இருவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதற்கு முன் யுனிக்ஸில் பாவித்த அமுக்கும் முறைக்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்தது. மூட்டை கட்டுவது ஒருத்தர், அதை ஏறி மிதித்துச் சின்னதாக்குவது இன்னொருத்தர். இரண்டு பேரும் வேலை செய்தால்தான் டார் ஜீஸெட்.

இந்த மூட்டையை அவிழ்க்க எனக்குப் பயம். காரணம் வெட்கமானது, ஆனாலும் சொல்கிறேன். ஆசிரியராக வந்த புதிதில், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் மூன்றாம் தவணைப் புள்ளிகளை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தேன். வேறு ஏதோ தேவைக்காக இரண்டாம் தவணை மூட்டை ஒன்றை அதே கோப்புறையில் வைத்து அவிழ்த்தேன். டார் ஒன்றும் கேட்காது. அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். பழைய புள்ளிகள் புதிய புள்ளிகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் விடைத்தாள்களை இரண்டு இரவு மறுபடி கூட்டினேன். அந்த நேரம் சேர் சிரித்துவிட்டுச் சொன்னார், "பிள்ள, எக்ஸுக்கு முதல் டீ."

இதை விளங்கப்படுத்துகிறேன். கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். 'டார்', ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, 'டீ ஸெட் எப்', பிறகு கோப்பின் பெயர். டீ என்றால் பட்டியலை மட்டும் காட்டு. ஸெட் என்றால் ஜீஸிப்பால் அமுக்கியது. எப் என்றால் அடுத்து வருவது கோப்பின் பெயர். இதில் எதுவும் வெளியே வராது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். டீக்குப் பதில் எக்ஸ் போட்டால் அவிழ்க்கும். எக்ஸ் போடும்போது கடைசியில் 'கோடு, பெரிய சீ' என்று எழுதி ஒரு வெறும் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் எல்லாம் அங்கே போய் இறங்கும். உங்கள் மற்றக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

டீக்கும் முதல் ஒன்று இருக்கிறது. 'ஜீஸிப், கோடு, டீ' என்று போட்டால் மூட்டை முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கும். முழுசாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வரும். யுனிக்ஸில் மௌனம் நல்ல செய்தி.

எனக்கு மௌனம் கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு நிமிசம் ஓடிவிட்டு, 'எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மூட்டையின் வால் இல்லை. கொப்பி பண்ணும்போது கரண்ட் போயிருக்கலாம், வயர் ஆடியிருக்கலாம். கேட்க அவரும் இல்லை, திரும்பக் கொப்பி பண்ண அந்தச் சேர்வரும் இல்லை.

அந்தத் தாயின் வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. லெப்டொப்பை மூடிவிட்டு அஸர் தொழுதுவிட்டு வந்தேன்.

வந்து யோசித்தால், இது டார் ஜீஸெட் ஆக இருந்ததுதான் நல்லது. ஸிப் கோப்பில் பொருளடக்கம் கடைசியில் இருக்கும். வால் போனால் பொருளடக்கமும் போகும், ஸிப் சாதாரணமாகத் திறக்காது, வேறு வித்தைகள் செய்ய வேண்டும். டார் நாடாவின் பிள்ளை. முன்னாலிருந்து வாசிக்கும். வெட்டுப்பட்ட இடம் வரை கிடைப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் அழும். வால் இல்லாததால் தப்பினோம், தலை உடைந்திருந்தால் கதையே வேறு.

ஆக, கேள்வி ஒன்றுதான். இடாப்பு வெட்டுக்கு முன்னாலா பின்னாலா?

டீ போட்டேன். முதல் வரியில் ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு. பிறகு 'இடாப்பு' என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை, அதற்குள் வருசம் வருசமாகக் கோப்புகள். பிறகு புள்ளிகள். பிறகு ஆசிரியர் விபரம், கடிதங்கள். கடைசியாகப் படங்கள், நூற்றுக்கணக்கில். படங்களின் நடுவில் பட்டியல் அறுந்து அதே பிழை வரி.

இடாப்பு எல்லாவற்றுக்கும் முன்னால். சத்தம் போட்டு மாஷா அல்லாஹ் என்றுவிட்டேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் திடுக்கிட்டாள்.

அது தற்செயலா என்று பார்க்க ஆசை வந்தது. மூட்டையை அவிழ்க்காமலே ஒரு கோப்பை மட்டும் திரையில் வாசிக்கலாம். எக்ஸோடு ஒரு பெரிய ஓ சேர்த்து, வேண்டிய கோப்பின் பெயரைக் கடைசியில் கொடுத்தால், வட்டில் எழுதாமல் திரையில் கொட்டும். அந்தக் கட்டளைக் கோப்பை அப்படி வாசித்தேன். மூட்டை கட்டிய கட்டளையை அதில்தான் எழுதி வைத்திருந்தார். முழுக் கோப்புறையையும் தூக்கிக் கொடுத்திருந்தால் டார், வட்டு என்ன வரிசையில் கொடுக்கிறதோ அந்த வரிசையில் கட்டும். சேர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியிருக்கிறார். இடாப்பு, புள்ளி, ஆசிரியர், கடிதம், படம்.

இதை ராத்தாவிடம் பிறகு சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பயணம் போறெண்டாலும் முதல்ல மருந்தும் ஐடென்டியும்தான் பேக்கில வைப்பாரு. சேட்டெல்லாம் கடைசிலதான்."

இடாப்புக் கோப்புறையை மட்டும் பெயர் சொல்லி வெறும் கோப்புறை ஒன்றில் அவிழ்த்தேன். உள்ளே வருசக் கோப்புகளும் தனித்தனியாக ஜீஸிப்பால் அமுக்கியவை. அவற்றை விரிக்கத் தேவையில்லை. 'ஸெட்கெட்' என்றால் அமுக்கியபடியே வாசித்துக் காட்டும், 'ஸெட்லெஸ்' பக்கம் பக்கமாகக் காட்டும், 'ஸெட்கிரெப்' தேடித் தரும். பத்துக் கோப்பிலும் ஒரே அடியில் தேடலாம்.

திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை. ஒரு நிமிசம் கோப்பு பழுதென்றே நினைத்தேன். பிறகுதான் பொறி தட்டியது. அது பாமினி!

நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும், யுனிகோட் பரவ முன் நம் நாட்டில் கலியாணக் காட் முதல் வினாத்தாள் வரை எல்லாம் பாமினி எழுத்துருதான். பாமினியில் 'உம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது சீ, கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைப் போட்டால்தான் உம்மா தெரிவா. கறுப்புத் திரையில் எழுத்துரு ஏது?

சரி, அந்த மகனின் பெயரையும் பாமினி விசையிலேயே அடித்துத் தேடுவோம் என்றால் அதிலும் வேடிக்கை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி. லினக்ஸில் அரைப்புள்ளி வந்தால் கட்டளை அங்கே முடிந்தது என்று அர்த்தம். பெயரின் பாதியைத் தேடிவிட்டு, மீதிப் பாதியை இன்னொரு கட்டளையாக நினைத்து, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஏசியது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டேன். இப்போது வேறு பிழை. பெயரில் ஒரு 'ஜ' இருந்தது, பாமினியில் ஜ என்பது திறந்த சதுர அடைப்புக்குறி. கிரெப்புக்கு அது விசேட அர்த்தம் உள்ள குறி, மூடும் குறியைத் தேடிக்கொண்டு நின்றது. 'கோடு, பெரிய எப்' சேர்த்து, எழுத்தை எழுத்தாகவே பார் என்று சொன்னேன்.

ஒரு வரி வந்தது.

எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றி ஆறுதலாக வாசித்தேன். சேர்விலக்கம், பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு. கடைசி நிரலுக்குச் 'சாட்சி' என்று தலைப்பு. எதைப் பார்த்து எழுதினார் என்ற குறிப்பு. அந்த மகனுக்கு, 'எட்டாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை, சேறு, திகதி வாசிக்கலாம்' என்று இருந்தது. வேறு பிள்ளைகளுக்கு, 'தாய் சொன்னது', 'பக்கத்து வீட்டார் சொன்னது', 'பிறப்புச் சான்றிதழ் பார்த்தேன்'.

சில வரிகளில் அந்த நிரலில் ஒரே சொல். 'கடல்.'

நான் அந்த வரிகளை எண்ணவில்லை. எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் வரியை மட்டும் தேடி வாசித்தேன். பிறந்த திகதி சரியாக இருந்தது. அவளுடைய பிறந்த நாளை இருபது வருசமாக நான் ஒரு நாள் பிந்தி நினைத்து வந்திருக்கிறேன்.

புதன்கிழமை அதிபரிடம் அச்சுப்பிரதியைக் கொடுத்தேன். அவர் நியாயமாகவே தயங்கினார், கணினியில் தட்டியது எப்படி இடாப்பாகும் என்று. சாட்சி நிரலைக் காட்டினேன். அந்தச் சேறு படிந்த தேர்ச்சி அறிக்கை இன்னும் இருக்கிறதா என்று தாயிடம் கேட்டோம். பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்துத் தந்தார். ஒரு சத்தியக் கடதாசியும் சேர்த்து, வியாழன் பின்னேரம் விடுகைப் பத்திரம் கையொப்பமானது. அடுத்த கிழமை தாய் ஒரு தட்டுத் தொதலோடு வந்தார். ஆசிரியர் அறையில் பத்து நிமிசம்கூட அது நிற்கவில்லை.

இப்போது இடாப்பை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். 2004க்கு முன் நம் பாடசாலையில் படித்து, சேர்விலக்கம் தெரியாமல் அலைகிறவர்கள் அலுவலகத்தில் கேட்கலாம், இன்ஷா அல்லாஹ் பார்த்துத் தருவோம். பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள், போமட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமத்திவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள். செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு கணினி அறையில்தான் இருப்பேன். காசு ஒன்றும் வேண்டாம்.

படங்களையும் அவிழ்த்தேன். எத்தனை படம் வெட்டில் போனது என்று சொல்லவே முடியாது. பொருளடக்கம் இல்லாத மூட்டையில் போனவற்றின் பெயரும் கூடவே போய்விடும். வெட்டு விழுந்த கடைசிப் படம் மட்டும் பாதியாகக் கிடைத்தது. தகரக் கொட்டிலில் பாடசாலை நடந்த காலத்துக் குழுப்படம். மேலே வேப்பமரம், தகரக் கூரை, பின் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தலைகள், தோள்கள். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஆசிரியர்கள் கதிரையில் இருந்தது முன் வரிசையில்.

மற்றப் படங்களோடு அதையும் ராத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். பிறகு சாம்பல் பகுதியின் நடுவில் விரலை வைத்தார்.

"இதிலதான் இவர் இரிக்கிற. அண்டைக்கு நீலச் சேட்டு."

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னார். சாம்பல் பகுதியை வெட்டிவிடவா ராத்தா என்று கேட்டேன். வேணாம் என்றார்.